தயிர்ச்சட்டிக்குக் கட்டிய உயிர்காப்பு அங்கி

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
2025 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை.

அன்புத் தங்கை எமிலிக்கு,

இன்று எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன. உன் மகளிடம் எண்பத்திரண்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். அந்த நான்கு வருடங்களை எங்கிருந்து எடுத்தாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் வயதில் கழித்ததை என் வயதில் கூட்டியிருக்கிறாய் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

நீயும் உன் வீட்டுக்காரரும் ஆண்டவருடைய கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமா என்பதுதான் இங்கே வழக்கு. ஆகையால் அதை வழமைபோல முதல் வரியில் எழுதிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போக இயலாது. தொலைபேசியில் நீ பேசுவதும் நான் கேட்பதுமே நம்மிடையே உள்ள நடைமுறை. எனவே இதை எழுதி, உறையை ஒட்டி, வியாழக்கிழமை புறப்படும் உன் மகள் டினோஷாவின் கையில் தருகிறேன்.

உன் மகளும் மருமகனும் விடுமுறைக்கு வருகிறார்கள் என்றுதான் நீ அறிவித்தாய். அவர்கள் வந்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. உன் மருமகன் ஜொய்சன் என் வீட்டு வாசற்படியின் உயரத்தைத் தன் சாணால் அளந்தான். குளியலறைத் தரையைச் சப்பாத்தால் தேய்த்துப் பார்த்தான். கைகளை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பிக் காட்டும்படி என்னைக் கேட்டான். உடற்பயிற்சி வைத்தியம் படித்தவன் விடுமுறையில் செய்கிற வேலையா இது? வான் வண்டியில் போகும்போது மூன்று சொற்களைச் சொல்லி, அரை மணித்தியாலம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லும்படி கேட்டான். சொன்னேன். மூன்றாவது சொல் சரிதானா என்று அவன்தான் டினோஷாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். நான் தனியாக இருக்கத் தகுதியில்லாதவள் என்று நிரூபித்து, என்னை மெல்பேர்ணுக்கு ஏற்றிக்கொண்டுபோய் உன் வீட்டுப் பின்னறையில் வைப்பதற்காக நடந்த பரிசோதனை இது. இந்த வீட்டில் நான் தொடர்ந்து இருப்பேனா இல்லையா என்பதை ஒரு வாரச் சுற்றுலாவை வைத்துத் தீர்மானிக்கப் புறப்பட்டீர்கள். ஆகவே அந்தச் சுற்றுலா எப்படி நடந்தது என்று நீ அறிவது நியாயம்.

வெயிலும் கடலும் உள்ள கிழக்குக் கரையில் வெளியே இறங்கி அனுபவிக்க வேண்டியவை என்று யாரோ எழுதியிருந்ததை டினோஷா கைபேசியில் கொண்டுவந்திருந்தாள். கடலில் நீந்துதல், வாவியில் கயாக் என்ற ஒடுங்கிய சிறு படகு ஓட்டுதல், வாவிக்கரைக் கண்டற்காட்டில் பறவை பார்த்தல், கடற்கரையில் சூரியன் மறைவதைப் படம் எடுத்தல். எழுதியவர் வெயிலை ஒரு சலுகையாகக் கருதுகிறார். இந்த மாதத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு இங்கே நாய்கூட நிழலை விட்டு எழும்புவதில்லை. வாவியில் மீன் பாடுவதைக் கேட்க வேண்டும் என்றும் ஜொய்சன் விரும்பினான். அது பூரணை நிலவில்தான் கேட்கும், இந்த மாதப் பூரணை கழிந்துவிட்டது, அடுத்ததற்கு வா என்றேன். சூரியன் மறைவதையாவது பார்க்கலாம் என்று வெள்ளிக்கிழமை பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் கமராவை முக்காலியில் பூட்டி, கடலைப் பார்த்தபடி நின்றான். நான் வானுக்குள் இருந்தேன். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறையாது என்பதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. பேராதனையில் புவியியல் படித்து, பெண்கள் பாடசாலையில் முப்பது வருடம் அதையே படிப்பித்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். இனி இலவசமாகப் படிப்பிப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். அவனுக்குப் பின்னால், வாவிக்கு மேலே, சூரியன் மிக அழகாக மறைந்தது. இருட்டிய பிறகு வந்து, இன்றைக்கு முகில் போல என்றான்.

சனிக்கிழமை பாசிக்குடா. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் ஏழரைக்குக் கடலில் இறங்கலாம் என்பது டினோஷாவின் கணக்கு. அந்தக் கணக்கில் அவள் வீதியைச் சேர்த்தாளே தவிர வீதியோரத்தில் இருக்கும் சொந்தக்காரரைச் சேர்க்கவில்லை. நம்மிடையே ஒரு வீட்டு வாசலைக் கடந்து போவது குற்றமல்ல. கடந்து போனதை அந்த வீட்டார் அறிவதுதான் குற்றம். ஆகையால் அறிவுள்ளவர்கள் வான் கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்னே பார்த்தபடி போய்விடுவார்கள். உன் மகளோ, பண்புள்ள பிள்ளையாக, வந்தாறுமூலையில் இருக்கும் அழகரத்தினம் மச்சானுக்கு முதல்நாளே கோல் எடுத்து, நாளைக்குக் காலையில் உங்கள் வாசலால் போவோம், கை காட்டிவிட்டுப் போவோம் என்று சொல்லியிருக்கிறாள். மட்டக்களப்பில் பிறந்த ஒருவர் இப்படிச் செய்யமாட்டார். அழகரத்தினம் அந்த வீதியில் உள்ள சொந்தம் அனைத்துக்கும் அறிவித்துவிட்டார்.

வந்தாறுமூலையில் இடியப்பம், சொதி, கணவாய்ப் பொரியல். நாங்கள் இறங்கவில்லை என்று டினோஷா வானுக்குள் இருந்தே சொன்னாள். அழகரத்தினத்தின் மனைவி வான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஒரு இடியப்பமாவது வைக்காம அனுப்பினா நாளைக்கு நான் எந்த முகத்தோட வெளியில போறது கா?" என்றார். இறங்கினோம். வேண்டாம் என்று சொன்னால் மனம் நோவார்கள், நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லுங்கள் என்று டினோஷா ஜொய்சனுக்குப் படிப்பித்து வைத்திருந்தாள். அவன் நல்லா இருக்கு என்றான். ஒரு கரண்டி விழுந்தது. மறுபடியும் சொன்னான், மறுபடியும் விழுந்தது. அவனுக்குத் தெரிந்த தமிழே அவனுக்கு எதிரியாகிவிட்டது. ஒன்பது மணிக்குக் கிரானில் இரத்தினம்மா மச்சாள் வீடு. வயல்காரர் வீட்டில் காலை ஒன்பது என்பது சோறு தின்னும் நேரம். நண்டுக் கறியும் இறால் சுண்டலும் வைத்து, இந்தப் பிள்ளை மெலிந்து போயிருக்கிறான், அங்கே சோறு கொடுப்பதில்லையா என்று உன்னைப் பற்றி என்னிடம் விசாரித்தார். புறப்படும்போது வாயை இறுக்கிக் கட்டிய ஒரு பெரிய எருமைத் தயிர்ச்சட்டியை என் மடியில் வைத்தார். அது எனக்கல்ல. நாளைக்கு நீங்கள் வாவியில் போகிறீர்களாம், அக்கரையில்தான் என் அக்கா வீடு, கையோடு கொடுத்துவிடுங்கள் என்றார். வாவியில் போவதென்றால் எங்களுக்கு ஏதோ அலுவல் இருக்கும் என்றே அவர் எண்ணினார். அலுவல் இல்லாமல் ஒரு மனிதன் வெயிலில் துடுப்புப் போடுவான் என்று அவருக்கு விளக்க எனக்குத் தெம்பிருக்கவில்லை.

இத்துடன் நம் சொந்தம் முடிந்தது என்று ஜொய்சன் பெல்ற்றை ஒரு துளை தளர்த்தினான். ஆனால் வான் சாரதி றிப்ஷானுக்கும் சொந்தம் உண்டு. அவன் வீடு ஓட்டமாவடியில். பாசிக்குடாவுக்கு ஓட்டமாவடிப் பாலத்தைக் கடக்கத் தேவையே இல்லை. இருந்தும் கடந்தோம். அவனுடைய உம்மா வாசற்படலையில் நின்றார். "என்ட மகன்ட வான்ல வந்த ஆக்கள் வெறும் வயித்தோட போறதா?" என்று கேட்டார். அந்த வானில் அப்போது இருந்த பலவிதமான வயிறுகளில் வெறும் வயிறு என்று ஒன்றும் இருக்கவில்லை. புரியாணியும் அதன்மேல் வட்டலப்ப இனிப்பும் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன், எமிலி. மரியாதை என்பது மூத்தவர்களுக்கு இன்னும் பாரமானது.

பாசிக்குடாவை அடைந்தபோது பின்னேரம் மூன்று மணி. அங்கே கடல் எவ்வளவு தூரம் நடந்தாலும் முழங்காலைத் தாண்டாது. ஜொய்சன் நீந்துவதற்காக நடந்தான், நடந்தான், கடைசியில் ஒரு புள்ளியாகிவிட்டான். பிறகு களைத்துப்போய் அந்த முழங்கால் தண்ணீரிலேயே மல்லாந்து படுத்தான். வயிறு மட்டும் வெளியே தெரிந்தது. கரையில் வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் புரண்டு படுத்தார்கள்; நாம் கருவாட்டுக்கு அந்த வேலையை ஆள் வைத்துச் செய்கிறோம், அவர்கள் தாங்களே செய்துகொள்கிறார்கள். டினோஷா எல்லாவற்றையும் படம் எடுத்தாள். நான் மர நிழலில் தயிர்ச்சட்டியைப் பிடித்தபடி இருந்தேன். கடலில் கால் வைக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு நீ தொலைபேசியில் அழுது அழுது என்னிடம் வாங்கிய வாக்கை நீ நினைவூட்டத் தேவையில்லை. கல்லடி வீட்டோடு எல்லாம் போய், நான் தனியாக ஒரு பூவரச மரத்தில் தொங்கிக் கிடந்த கதையை நீ ஜொய்சனுக்கும் சொல்லியிருக்கிறாய். அவன் மணலில் என்னை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிவிட்டு, பயமாக இருக்கிறதா பெரியம்மா, கடலைப் பார்க்க, என்று மெதுவாகக் கேட்டான். வெயில்தான் பயமாக இருக்கிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாவி. என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். ஜொய்சனுக்கு என் சமநிலையைப் பார்க்க வேண்டுமாம். தயிரையும் கொடுக்க வேண்டும், மச்சாள் அதற்குள் இரண்டு முறை கோல் எடுத்துவிட்டார். கயாக் வாடகைக்கு விடும் ஜெயந்தன் என் பழைய மாணவியின் மகன். அவன் என்னையும் என் சேலையையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க இதில ஏறப்போறீங்களா, இல்ல வழியனுப்ப வந்தீங்களா?" என்று கேட்டான். அது எனக்கும் தெரியாது என்றேன். டினோஷாவுக்கு ஒற்றைக் கயாக், எனக்கும் ஜொய்சனுக்கும் இரட்டைக் கயாக். மூவருக்கும் செம்மஞ்சள் நிறத்தில் உயிர்காப்பு அங்கி தந்தான். சனிக்கிழமைச் சாப்பாடு ஞாயிற்றுக்கிழமையும் இறங்காத நிலையில், ஜொய்சனுடைய அங்கியின் கொளுக்கி பூட்டவில்லை. ஜெயந்தன் வேறு அளவு எடுக்க உள்ளே போனான். அதற்கிடையில் சட்டி உருளப் பார்த்தது. இரவல் வாங்கிய பொருளைவிடப் பிறர் கொடுத்தனுப்பிய பொருள் கவனமாகப் போய்ச் சேர வேண்டும் என்று நீயும் நானும் வளர்க்கப்பட்டிருக்கிறோம். ஆகவே அந்த அங்கியைச் சட்டிக்குச் சுற்றி, நானே இறுக்கிக் கட்டினேன். பொருத்தமாக இருந்தது. ஜொய்சன் ஜெயந்தனுக்காகக் காத்திராமல், தான் நீச்சலில் பதக்கம் வாங்கியவன் என்று சொல்லித் துடுப்பால் கயாக்கைத் தள்ளிவிட்டான்.

வாவி அமைதியாகத்தான் இருந்தது. கொக்கும் நீர்க்காகமும் இருந்தன. ஜொய்சன் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டான், நான் சொன்னேன், அவன் படம் எடுக்கத் திரும்பினான். நடு வாவியில், என் பக்கமிருந்த ஒரு மீன்கொத்தியைப் படம் பிடிக்க வேண்டுமென்று அவன் முழு உடம்போடும் திரும்பியபோது கயாக் எங்களோடு சேர்ந்து திரும்பியது. பதக்கம் வாங்கியவருக்கு முதல் இரண்டு வீச்சிலேயே வயிற்றில் பிடித்து இழுத்துவிட்டது. அவன் மடங்கிக்கொண்டு கீழே போனான். டினோஷா தன் கயாக்கைத் திருப்பத் தெரியாமல் ஒரே இடத்தில் வட்டமிட்டபடி கத்தினாள். அப்பால் தோணியில் வலை வைத்துக்கொண்டிருந்த அருளப்பு என்பவர் அந்தக் கத்தலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு முதலில் பட்டது செம்மஞ்சள் அங்கியும் அதற்கு மேலே மிதந்த கறுப்பு உருண்டையும். "ஐயோ, புள்ள மிதக்குது!" என்று கூவிக்கொண்டு, ஜொய்சனைத் தாண்டிப் போய், தயிர்ச்சட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துத் தோணிக்குள் தூக்கினார். சற்று நேரம் அதையே பார்த்தபடி நின்றார். பிறகு, "அம்மா, இது தயிரம்மா" என்றார். அவர் குரலில் இருந்த ஏமாற்றத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நான் அங்கி போட்டிருந்தபடியால், ஆண்டவருடைய கிருபையால், பூசணிக்காய் போல மிதந்தபடி செபித்துக்கொண்டிருந்தேன். ஜொய்சனும் எப்படியோ கரை சேர்ந்தான்.

தயிர் சிந்தவில்லை. நனைந்த சேலையோடு மச்சாளின் அக்கா வீட்டுக்குப் போய் அதை ஒப்படைத்தோம். அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, "கொஞ்சம் புளிச்சிட்டு கா" என்றார். பிறகு எங்களை இருத்திச் சோறு போட்டார். ஜொய்சன் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. அவன் வந்த நாளிலிருந்து பேசிய மிகத் திருத்தமான தமிழில், "அம்மா, என்னால இனி ஏலாது" என்றான்.

இனி முடிவுக்கு வருகிறேன். நேற்றுக் காலை ஜொய்சன் என் முழங்கால்களைக் கடைசியாக ஒருமுறை மடக்கியும் நீட்டியும் பார்த்துவிட்டு, இந்த முழங்கால்களோடு இவ்வளவு நீண்ட விமானப் பயணம் கூடவே கூடாது என்று சொல்லியிருக்கிறான். உன்னிடமும் அப்படியே சொல்வான். படித்தவன் சொல்லும்போது நாம் மறுக்கக் கூடாது. தவிர, என் விடியற்காலைச் செபக்கூட்டத்தை விட்டுவிட்டு வரவும் எனக்கு மனமில்லை. நீ எத்தனையோ வருடமாக அந்த நேரம் பார்த்துக் கோல் எடுத்து, நான் பதில் சொல்லாததால் மனம் நொந்திருக்கிறாய்; அந்த நோவு தொடரட்டும். பின்னறையை வேறு யாருக்காவது கொடு. என்னைப் பொறுத்தவரை, வெளியே இறங்கி அனுபவிப்பதற்கு இந்தக் கரையில் ஒன்றுமில்லை; வீட்டுக்குள் காற்றாடிக்குக் கீழே இருப்பதே இங்குள்ள தலைசிறந்த காட்சி. களைத்துப்போனேன், எமிலி. விருந்தாளிகள் போனதும் மூன்று நாள் தூங்குவேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும், அவர்களுக்குத் தமிழில் "போதும்" என்ற சொல்லைப் படிப்பிக்கும்படி என் வேண்டுகோளும். கர்த்தர் உங்கள் வீட்டையும் என் வீட்டையும் தனித்தனியே காப்பாராக.

உன் அக்கா,
மேபல் அருமைநாயகம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு விடயம். டினோஷா உன்னிடம் சொல்வதில்லை என்று எனக்கு வாக்குத் தந்திருக்கிறாள். ஆனால் அவள் உன் மகள். விமான நிலையத்திலேயே சொல்லிவிடுவாள். ஆகையால் நானே எழுதிவிடுகிறேன்.

அருளப்பு தயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது ஜொய்சனைக் கரைக்கு இழுத்து வந்தது நான். செபிக்கவில்லை, அதற்கு நேரமிருக்கவில்லை. என் அங்கி கைக்கு இடைஞ்சலாக இருந்தது. அதைக் கழற்றி அவன் தலையால் மாட்டிவிட்டு, கொலரைப் பிடித்து இழுத்து வந்தேன். கரையில் அவன் இருமி முடித்துவிட்டு, பெரியம்மா, உங்கட தோளை நான் பார்க்கவே இல்லையே என்றான். ஒரு வாரம் முழுவதும் முழங்காலையே பார்த்தால் அப்படித்தான். அவனை ஒரு கிழவி இழுத்து வந்ததை நான் யாரிடமும் சொல்வதில்லை, என் முழங்கால் கெட்டுவிட்டதாக அவன் உன்னிடம் சொல்வது என்று அந்த மணலிலேயே பேசி முடித்தோம். என் முழங்காலில் ஒரு குற்றமும் இல்லை. செபக்கூட்டம் என்று ஒன்றும் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நாங்கள் நால்வர் விடியற்காலையில் கல்லடிக் கடலில் நீந்துகிறோம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வாவியில். அறுபது வயதில் பழகினேன். பாசிக்குடாவில் கால் வைக்காதது உனக்குத் தந்த வாக்குக்காக அல்ல. அங்கே ஆழம் போதாது. உங்கள் பக்கத்துக் கடல் குளிர் என்று ஜொய்சன் சொன்னான். நான் வராததற்குக் காரணம் அவ்வளவுதான்.

ஏன் பழகினாய் என்று கேட்பாய். அந்தப் பூவரச மரத்தில் நான் தனியாக இருந்ததாக உனக்குச் சொல்லியிருந்தேன். தனியாக இருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஷெரோனின் கை என் கையில் இருந்தது. தண்ணீர் இரண்டாம் முறை வந்தபோது அது இருக்கவில்லை. அவள் வெகுதூரம் போய்விடவில்லை. நம் முற்றத்தின் அகலம்தான். நீந்தத் தெரிந்த ஒருத்திக்கு அது ஒரு தூரமே அல்ல. கடல் நீரோட்டங்களைப் பற்றி முப்பது வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டவள் நான். மரத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அழுவாய் என்பதால் இத்தனை வருடம் சொல்லவில்லை. இப்போதும் அழாதே, மிச்சத்தையும் வாசி.

ஞாயிற்றுக்கிழமை அருளப்பு "புள்ள மிதக்குது" என்று கூவியபோது, அந்தச் சட்டியை என் கையாலேயே கட்டியிருந்தும், நான் முதலில் நீந்திப் போனது அந்தப் பக்கந்தான். பாதி தூரம் போன பிறகே அது தயிர் என்று எனக்கு நினைவு வந்தது. அதன் பிறகுதான் உன் மருமகனிடம் திரும்பினேன். இதை மட்டும் அவனிடம் சொல்ல வேண்டாம்.